குதிரைக்குத் தண்ணீர் காட்டியது யார்

வைலேவு, லம்பாசா
1999 பிப்ரவரி 14

சதேந்திரனுக்குப் பெரியப்பா ஜக்ரூப்பின் ராம் ராம்.

பவுண்டும் ஷில்லிங்கும் போய் டாலர் வந்த வருஷம் அது. ஜூலையில் நிலாவில் மனுஷன் இறங்கினான் என்று ரேடியோ சொன்னது. எங்கள் கரும்பு வெட்டும் கேங்குக்குத் தலைவன் சர்தார் லக்பத் வாசலில் நின்று அண்ணாந்து பார்த்துவிட்டு, "ஒருத்தனையும் காணோமே" என்றான். என் வெள்ளை மாடு மோத்தி, கரும்பு வண்டித் தண்டவாளத்தில் கால் மாட்டிச் செத்ததும் அந்த வெட்டில்தான். எண்ணில் அது எத்தனையாவது வருஷம் என்று நீ கணக்குப் போட்டுக்கொள். போனில் கேட்டாயே, விசார மண்டலி எப்படித் தொடங்கியது என்று. அந்த வருஷம்தான் தொடங்கியது.

முதலில் உன் நலம். உன் மகளுக்கு ஆஸ்துமா குறைந்ததா? எனக்கு இடது முழங்கால் மட்டும் மழைக்கு முன்னாலேயே மழையைச் சொல்கிறது. மற்றபடி ரொட்டி இறங்குகிறது, தூக்கம் வருகிறது.

சுவாமி பூர்ணபோதர் வெட்டு தொடங்குவதற்கு முந்தின வாரம் வந்தார். மூன்று நாள் இருந்தார். பூசை வேண்டாம், தட்சிணை வேண்டாம், செவ்வாய்க்கிழமை தோறும் ஒரு வீட்டில் உட்காருங்கள், கீதையில் கொஞ்சம் வாசியுங்கள், வந்தவன் ஒவ்வொருவனும் ஒரு கேள்வி கேட்காமல் எழுந்திருக்கக் கூடாது என்றார். யாங்கோனா வேர்ச்சாறு குடிக்கிற சட்டியைத் தொடலாமா என்று பிசுன் கேட்டான். வாசித்து முடித்த பிறகு என்றார். முதல் கேள்வி அதுதான் என்று சொல்லிச் சிரித்தார். அர்த்தம் போட்ட புத்தகம் ஒன்றே ஒன்று கொடுத்தார். யார் வீட்டில் தொடங்குவது என்று லக்பத் கேட்டதற்கு, "முறை யாருடையதோ அவர் வீட்டில்" என்று சொல்லிவிட்டுப் படகு ஏறிவிட்டார்.

லக்பத்துக்குத் தெரிந்த முறை ஒன்றுதான். யார் கரும்பை எந்த வாரம் வெட்டுவது என்ற கேங் முறை. அந்த வாரம் முறை குத்ரத் அலியுடையது. ஆகவே கீதை முதலில் குத்ரத் அலி வீட்டில்தான் திறந்தது. எங்களில் ஒருவனுக்கும் அது விசித்திரமாகத் தோன்றவில்லை. அவன் பெண்டாட்டி புதுப்பாய் விரித்து, சுருட்டி வைத்த ரொட்டியும் டின்மீன் சட்னியும் வைத்தாள்.

புத்தகத்தைப் பிரித்த பிறகுதான் தெரிந்தது, பன்னிரண்டு பேரில் ஒருவனுக்கும் அந்த எழுத்தை வாசிக்கத் தெரியாது. ஒரு பள்ளிப் பிள்ளை வாசித்தது.

டீச்சருக்குக் கை வலிக்கும், இத்துடன் நிறுத்துகிறேன். நான் சொல்லச் சொல்ல இங்குள்ள பள்ளிக்கூட டீச்சர்தான் எழுதுகிறாள். அவள் எழுத்து அழகு என்று ஊரே சொல்கிறது. எனக்கு எப்படித் தெரியும்.

உன் பெரியப்பா
ஜக்ரூப்


லிவர்பூல், சிட்னி
1999 மார்ச் 9

பெரியப்பாவுக்கு வணக்கங்கள். முழங்காலுக்கு ஒரு தைலம் அனுப்பியிருக்கிறேன். அனிதாவுக்கு மூச்சிரைப்பு குறைந்திருக்கிறது.

உங்கள் கடிதத்தை இங்குள்ள மண்டலிக் கமிட்டியில் வாசித்தேன். கேங் முறை என்ற இடத்தில் எல்லோரும் சிரித்தோம். எங்களுக்குத் தெரிந்த சரித்திரத்தில் "ஒரு கரும்பு வெட்டுபவர் இல்லத்தில்" என்று மட்டும்தான் இருக்கிறது.

நான் இங்கே வந்தபோது மண்டலி, ஒருவர் கார் நிறுத்தும் கொட்டகையில் ஏழு பேர். இன்று நாற்பத்தோரு ஊர்களில் செவ்வாய் வகுப்பு நடக்கிறது. ஆக்லாந்திலும் வான்கூவரிலும் உண்டு. தீபாவளிக்கு நம் சொந்தக் கட்டடம் திறக்கிறோம். வாசலில் ஒரு கல். அதில் முதல் பன்னிரண்டு பேரின் பெயர்கள், மேலே உங்கள் கேள்வி: 'குதிரைக்குத் தண்ணீர் காட்டியது யார்?' இங்கே பிறந்த பிள்ளைகளுக்கு முதல் பாடமே அதுதான். அனிதாவின் வகுப்பில் ஜக்ரூப் கேள்வி என்றுதான் சொல்கிறார்கள். என் தாத்தா என்று அவள் சொன்னால் நம்புவதில்லையாம்.

திறப்பு விழாவுக்கு நீங்கள் வந்தே ஆகவேண்டும். மூன்று விவரம் வேண்டும். பன்னிரண்டு பெயர்கள். அந்தக் கேள்வியை நீங்கள் கேட்ட அன்று என்ன நடந்தது என்பது. பிறகு, நீங்கள் சொன்ன அந்தப் பள்ளிப் பிள்ளை யார்? முழுப் புத்தகத்தையும் நீங்கள் மனப்பாடமாகச் சொன்னதாகத்தானே நாங்கள் கேட்டு வளர்ந்தோம்?

அன்புடன்
சதேந்திரன்


வைலேவு
1999 ஏப்ரல் 2

சதேந்திரனுக்கு ஆசிகள். தைலம் வந்தது. வாசனை முழங்காலைவிடக் காரமாக இருக்கிறது. ஆனால் கேட்கிறது.

பெயர்கள் சொல்கிறேன். சர்தார் லக்பத், பேபி புயல் கூரையைத் தூக்கிப்போன வருஷத்துக்கு அடுத்த வருஷம் மஞ்சள்காமாலையில் போனான். பிசுன், அவன் தம்பி ராம்சமுஜ். பிசுனுக்கு இடது காது கேட்காது, அதனால் எப்போதும் வலது ஓரத்தில் உட்காருவான். அப்பல்சாமி தெலுங்குக்காரன், எதைக் கேட்டாலும் "அப்புறம்?" என்பான், அதையே தன் கேள்வியாகக் கணக்கில் வைக்கச் சொல்வான். இலைசா இந்தத் தீவு மண்ணின் மகன், மெத்தடிஸ்ட் கோயில் டீக்கன். யாங்கோனாவுக்காக வந்தவன், கடைசிவரை வந்தான். எங்கள் பாஷையை எங்களைவிடச் சுத்தமாகப் பேசுவான். மகாபீர், சுக்தேவ், ராம்தின், பல்தேவ், சின்ன லக்பத். குத்ரத் அலி. பன்னிரண்டாவது நான். என்னைத் தவிர அத்தனை பேரும் போய்விட்டார்கள்.

சுவாமி விட்டுப்போன புத்தகத்துக்குப் பச்சை அட்டை. ஏழாம் அத்தியாயம் தொடங்கும் பக்கத்தில் மகாபீரின் வெற்றிலைக் கறை இருக்கும். வாசித்த பிள்ளைக்கு அப்போது பத்து வயசு, ஐந்தாம் வகுப்பு. கேங் எந்த வீட்டுக்குப் போகிறதோ அங்கே புத்தகமும் போகும், பிள்ளையும் போகும். வெட்டு முடியும்வரை இருபத்தைந்து செவ்வாய். ஒரு சொல்லுக்கு நின்று, மூச்சு வாங்கி, மறுபடி வாசிக்கும். அந்த மூச்சு வாங்கிய இடம் எல்லாம் எனக்கு இன்னும் ஞாபகம். நான் மனப்பாடம் செய்தது புத்தகத்தை அல்ல, அந்தக் குரலை.

அந்தப் பிள்ளையின் பெயர் மறந்துவிட்டது.

விழாவைப் பற்றிப் பிறகு பார்க்கலாம். மருமகளுக்கும் குழந்தைக்கும் என் அன்பு.

ஜக்ரூப்


லிவர்பூல்
1999 ஜூன் 20

பெரியப்பாவுக்கு வணக்கம். பதில் தாமதத்துக்கு மன்னியுங்கள். கட்டட வேலை, அனிதாவுக்கு மறுபடி காய்ச்சல், இப்போது தேவலை. உங்கள் கால் எப்படி?

ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். பிசுனின் எந்தக் காது கேட்காது என்று சொல்கிறீர்கள், எந்தப் பக்கத்தில் வெற்றிலைக் கறை என்று சொல்கிறீர்கள். இருபத்தைந்து செவ்வாய் வாசித்த பிள்ளையின் பெயர் மறந்துவிட்டது என்றால் இங்கே யாரும் நம்பவில்லை. நானும்தான்.

குதிரைக் கேள்வியைப் பற்றியும் நீங்கள் ஒரு வரி எழுதவில்லை.

கமிட்டியில் குத்ரத் அலி பெயரைக் கேட்டதும் ஒருவர் முகம் சுளித்தார். எங்கள் தலைவி சுமிந்தரா அம்மா, ஓய்வு பெற்ற நர்ஸ், அவரைப் பார்த்து, "அவர் வீட்டுப் பாயில உக்காந்து ஆரம்பிச்ச சபை இது. பேரப் போட மட்டும் கசக்குதா?" என்று கேட்டார். அதோடு அது முடிந்தது. பன்னிரண்டு பெயரும் கல் வெட்டுபவரிடம் போய்விட்டன. உங்கள் டிக்கெட்டும் போட்டாயிற்று.

சதேந்திரன்


வைலேவு
1999 ஜூலை 8

சதேந்திரா, ராம் ராம். எல்லோரும் நலம் என்று நம்புகிறேன்.

டீச்சர் பரீட்சைத் தாள் திருத்தத் தலைநகர் சூவாவுக்குப் போயிருக்கிறாள். அதனால் உன் கடிதத்தைக் கடைக்காரர் பிரிஜ்லால் வாசித்துக் காட்டினார். இதை எழுதுவதும் அவர்தான்.

பெயர் மறந்துவிட்டது என்று நான் எப்போது சொன்னேன்? பிப்ரவரியில் பெயரைச் சொன்னேன். ஏப்ரலில் அப்பன் பெயரோடு சேர்த்துச் சொன்னேன். என் வாயால் சொன்னது காகிதத்தில் இல்லை என்றால், நடுவில் இருந்த கை விட்டிருக்கிறது. எழுபத்தேழு வயசில் எனக்குக் கண் தெரிகிறது, காது கேட்கிறது, எழுத்து மட்டும்தான் தெரியாது. அந்த ஒரு ஓட்டை வழியாகவே ஒழுகிவிட்டது பார்.

பெயரை இந்தக் கடிதத்தில் சொல்லமாட்டேன். பிரிஜ்லால் நல்ல மனுஷர், ஆனால் அவர் கடைக்கு ஊரே வருகிறது.

(கடைக்காரன் பிரிஜ்லால் எழுதுவது: பெரியவர் மேலே சொன்னதையும் அப்படியே எழுதச் சொன்னார், எழுதிவிட்டேன். எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. யார் அந்தப் பிள்ளை என்று தெரிந்தால் எனக்கும் ஒரு வரி போடவும்.)

ஜக்ரூப்


வைலேவு
1999 ஆகஸ்ட் 3

மதிப்புக்குரிய திரு. சதேந்திரன் அவர்களுக்கு,

நீங்களும் குடும்பத்தாரும் நலமாக இருக்க துவா செய்கிறேன். இந்தக் கையெழுத்து உங்களுக்குப் பழக்கமானது. இந்த முறை சொல்லித் தருபவர் இல்லாமல் எழுதுகிறேன்.

சூவாவிலிருந்து திரும்பிய அன்றே ஜக்ரூப் சாச்சா என் வீட்டு வாசலில் நின்றார். உள்ளே வரவில்லை.

"நான் சொன்ன பேர நீ எழுதலயா?"

"எழுதல, சாச்சா."

"ரெண்டு தடவயுமா?"

"ரெண்டு தடவயும்."

"எழுத்துத் தெரியாதவன்தானே, என்னத்தக் கண்டான்னு நெனச்சியா?"

"அத மட்டும் சொல்லாதீங்க சாச்சா. வேற என்ன வேணாலும் சொல்லுங்க."

அவர் திரும்பி நடந்தார். அதற்குப் பிறகு இரண்டு செவ்வாய் வந்தார். வழக்கமான நாற்காலியில் உட்கார்ந்து டீ குடித்துவிட்டு, பேசாமல் போனார். எட்டு வருஷமாக அவர் சொல்வதை எழுதுகிறேன். தேவையில்லாத சொல்லைக்கூட நான் விட்டதில்லை. விட்டது அந்த ஒரு பெயரைத்தான். "மறந்துவிட்டது" என்பது நானே சேர்த்தது. அவருடைய ஞாபகத்தின் மேல் நான் போட்ட பழி அது. அதற்குத்தான் எனக்கு வெட்கம்.

வாசித்த பிள்ளை நான். குத்ரத் அலியின் மகள்.

ஏன் மறைத்தேன் என்று சொல்கிறேன். அந்த வெட்டு முடிகிற சமயம் யாரோ போய்ப் பள்ளிவாசலில் சொன்னார்கள். அப்பாவைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். "எம் மக படிக்கிறா. படிக்கிறதுல என்ன குத்தம்?" என்று அப்பா கேட்டார். பெரியவர்கள் விட்டுவிட்டார்கள். ஆனால் ஒரு வருஷம் சிலர் அவரோடு பேசவில்லை. இந்துக்கள் பக்கத்திலும் ஒரு பண்டிட், புத்தகத்தைக் கங்கை நீர் தெளித்து எடுங்கள் என்றார். அப்பா ஒருவரிடமும் கோபப்படவில்லை. என்னிடம் மட்டும், "இனி போக வேணாம்மா" என்றார். இப்போது கல்லில் என் பெயர் வந்தால் இரண்டு பக்கமும் மறுபடி கேட்பார்கள். அப்பா கபரில் இருக்கிறார். அவரை மறுபடி பதில் சொல்ல வைக்க எனக்கு மனமில்லை.

எனக்கும் ஒரு சந்தோஷம் கிடைத்தது, அது போதும். பன்னிரண்டு பெரிய ஆண்கள், கத்தியைக் கூரை ஓலையில் செருகிவிட்டு, ஒரு பத்து வயதுப் பெண் அடுத்த வரியை எப்போது சொல்வாள் என்று காத்திருந்தார்கள். அதனால்தான் நான் டீச்சரானேன்.

குதிரைக் கேள்வியைப் பற்றி அவரிடமே கேளுங்கள். பெயரை விட்டுவிடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள்
டீச்சர்


லிவர்பூல்
1999 செப்டம்பர் 6

பெரியப்பாவுக்கும் டீச்சர் அவர்களுக்கும் வணக்கம்.

வாசித்துக் காட்டுவது யார் என்று எனக்குத் தெரிந்துவிட்டதால் இருவருக்கும் சேர்த்தே எழுதுகிறேன். இரண்டு பேரும் நலமாக இருங்கள், முதலில் பேசிக்கொள்ளுங்கள்.

டீச்சர், நீங்கள் எனக்கு எழுதியதை நான் யாரிடமும் காட்டவில்லை. சுமிந்தரா அம்மாவிடம், வாசித்தவர் உயிரோடிருக்கிறார், பெயர் வேண்டாம் என்கிறார் என்று மட்டும் சொன்னேன். "அவங்க சம்மதிக்காம ஒரு எழுத்தும் போடக் கூடாது. ஆனா எடம் விட்டு வை" என்றார். கல் வந்துவிட்டது. பெரியப்பாவின் கேள்வி, அதன் கீழ் அவர் பெயர், அதன் கீழ் மற்ற பதினொன்று. அடியில் ஒரு வரிக்கு இடம் வெறுமையாக இருக்கிறது. பார்ப்பவர்கள் எல்லாம் அங்கே என்ன வரும் என்று கேட்கிறார்கள். வகுப்பில் அனிதா இந்த வாரம் கேட்ட கேள்வியும் அதுதான்.

அக்டோபர் கடைசிக்குள் பதில் வந்தால் போதும்.

பெரியப்பா, டீச்சர் உங்களிடம் கேட்கச் சொன்னார். அந்தக் கேள்வியை நீங்கள் கேட்ட அன்று என்ன நடந்தது?

சதேந்திரன்


வைலேவு
1999 அக்டோபர் 5

சதேந்திரனுக்கும், சபையில் இதைக் கேட்கப்போகிற எல்லோருக்கும் ஜக்ரூப்பின் ராம் ராம். குழந்தைகள் சுகமாக இருக்கட்டும். என் கால் சுகமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் நான் வரவில்லை. டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துவிடு. இந்தக் கடிதத்தை என் இடத்தில் வைத்து வாசி.

இரண்டாம் அத்தியாயம் முடிகிற செவ்வாய், கேங் என் வீட்டில். அன்றைக்குப் பகல் முழுக்க வெயில். மோத்தி செத்து மூன்றாம் நாள், அதன் ஜோடி மாடு தண்ணீர் குடிக்க மாட்டேன் என்று நின்றது. எல்லோருக்கும் அதே பேச்சு. பிள்ளை வாசித்துக்கொண்டே வந்தது, புத்தகத்தை மடியில் வைத்தது. "அவங்க ரெண்டு பேரும் இவ்வளவு நேரமா பேசிக்கிட்டே இருக்காங்க. குதிரைங்க வெயில்லயே நிக்குது. அதுங்களுக்கு யாரு தண்ணி காட்டினா?" என்று கேட்டது.

மாடு வைத்திருக்கிறவர்கள் பத்துப் பேர் அங்கே இருந்தோம். ஒருவனுக்கும் அது தோன்றவில்லை. அப்பல்சாமிகூட "அப்புறம்?" என்று கேட்கவில்லை.

அடுத்த வருஷம் சுவாமி வந்தார். லக்பத் அந்தக் கேள்வியைச் சொன்னான். சுவாமி, "சாரதிதான் காட்டணும். வண்டி ஓட்டறவன் வேலைதானே அது. அந்தச் சாரதி யாருன்னு நெனச்சுப் பாருங்க" என்றார். இலைசா எழுந்து சட்டியைத் தூரத் தள்ளி வைத்துவிட்டு உட்கார்ந்தான். பிறகு சுவாமி, "இத யாரு கேட்டா?" என்றார்.

குத்ரத் அலி அன்று வரவில்லை. பெயரைச் சொன்னால் அவனுக்கு மறுபடி தொல்லை என்று லக்பத் என் முதுகில் கை வைத்து முன்னே தள்ளினான். நான் போய் நின்றேன். சுவாமி என் தலையில் கை வைத்தார். அப்போது வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. அவர் போன ஊரெல்லாம் அந்தக் கதையைச் சொன்னார். கதை ஓடிப்போய் உங்கள் ஊரில் கல்லாகிவிட்டது.

மறு வாரம் குத்ரத் அலியிடம் போய்ச் சொன்னேன். அவன் கத்தி தீட்டிக்கொண்டிருந்தான். "விடுண்ணே, கேள்வி ஊர் சுத்தட்டும். எம் மக வீட்டோட நிம்மதியா இருக்கட்டும்" என்றான். அதைப் பிடித்துக்கொண்டு முப்பது வருஷம் ஓட்டிவிட்டேன்.

இந்த இடத்தில் டீச்சர் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். இதையும் அவளையே எழுதச் சொல்கிறேன்.

"இனிமே எழுத மாட்டேன் சாச்சா" என்றாள்.

"இன்னிக்குச் செவ்வாய். கேள்வி கேக்காம எந்திரிக்கக் கூடாது. எங்கிட்ட ஒண்ணு கேளு, அப்புறம் போ."

அவள் வெளியே மில்லுக்குப் போகும் கரும்பு வண்டி கடந்து போகும்வரை காத்திருந்தாள்.

"எங்க அப்பாவுக்காகவா சும்மா இருந்தீங்க, உங்களுக்காகவா?"

இத்தனை வருஷத்தில் என்னிடம் யாரும் கேட்காத கேள்வி. "பாதி அவனுக்காக" என்றேன். "மீதிப் பாதி, என் தலயில விழுந்த அந்தக் கையை எடுத்துக் குடுக்க மனசு வரல."

அவள் அழவில்லை. கேலியாகத்தான் சொன்னாள், "பாதின்னு சொல்றீங்க. பாதிக்கு மேலயே இருக்கும்" என்று. மேலேதான் இருக்கும்.

பிறகு நான் ஒன்று கேட்டேன். "உங்க அப்பன் பள்ளிவாசல்ல தல குனிஞ்சா பதில் சொன்னான்?"

"இல்ல."

"எம் மக படிக்கிறான்னு நிமிந்துதானே சொன்னான்? இப்ப நீயும் நானும் அத மறைச்சு வெச்சா, குத்தம்னு ஒத்துக்கிட்ட மாதிரி ஆவாதா?"

அவள் உள்ளே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தாள். பேனாவை எடுத்தாள். "சொல்லுங்க, எழுதறேன். இந்தத் தடவ விடாம எழுதறேன்" என்றாள். எழுதியதைப் பிரிஜ்லாலிடமும் வாசிக்கச் சொல்லிக் கேட்டுக்கொள்ளுங்கள் என்றும் அவளே சொன்னாள். வேண்டாம் என்றேன்.

ஆகவே கமிட்டிக்கு நான் சொல்வது. கேள்விக்குக் கீழே இருக்கிற என் பெயரை உளியால் எடுத்துவிடுங்கள். மற்றவர்களோடு பன்னிரண்டாவதாக, குத்ரத் அலிக்குப் பக்கத்தில் போடுங்கள். பாயில் உட்கார்ந்திருந்ததும் அவன் பக்கத்தில்தான். அடியில் இடம் விட்டது வீண், அவள் பெயர் மேலே வரவேண்டியது.

லக்பத் போனான். பிசுன், ராம்சமுஜ், அப்பல்சாமி, இலைசா, குத்ரத் அலி எல்லோரும் போனார்கள். சுவாமியும் போய்விட்டார். காது கொடுத்துக் கேட்டவர்களில் நான் மட்டும் இருக்கிறேன், நானும் அதிக நாள் இல்லை, என்னைக் கணக்கில் சேர்க்காதீர்கள். அந்தப் புத்தகத்தை வாசித்து, அந்தக் கேள்வியைக் கேட்டு, இன்றைக்கு உயிரோடு இருப்பது ஒருத்திதான்: குத்ரத் அலியின் மகள், சைருன் நிஷா.